வெப்கேம் மென்பொருள் ஆள் நடமாட்டத்தை எப்படிக் கண்டுகொள்கிறது?

மளிகைக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய லேப்டாப்பில் வெப்கேம் ஒன்றைச் செருகி, அசைவைக் கண்டால் செல்பேசிக்குப் படம் அனுப்பும் மென்பொருளை நிறுவினேன். ஆளே இல்லாத கடையிலிருந்து இரவெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டிருக்கிறது. ஷட்டர் இடுக்கில் லாரி வெளிச்சம் விழுந்தாலும் வருகிறது, தொங்கவிட்ட ஷாம்பு சரம் மின்விசிறிக் காற்றில் ஆடினாலும் வருகிறது. எதைப் பார்த்து இது ஆள் என்று நினைக்கிறது?"

இவ்வகை எளிய மென்பொருள் ஆளைத் தேடுவதே இல்லை. எண்கள் மாறுகின்றனவா என்பதை மட்டுமே கவனிக்கிறது. 640க்கு 480 அளவுள்ள ஒரு படத்தில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். முந்தைய படத்தின் எண்களைப் புதிய படத்தின் எண்களிலிருந்து கழித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறிய புள்ளிகளை எண்ணினால் அசைவின் அளவு கிடைத்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் 'மோஷன்' என்னும் இலவச மென்பொருளில், நாம் எதையும் மாற்றாவிட்டால், 1,500 புள்ளிகள் மாறினாலே அது அசைவாகக் கொள்ளப்படும். மொத்தப் படத்தில் இது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கேமராவுக்கு அருகில் தொங்கும் ஷாம்பு சரம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

எதுவுமே அசையாதபோதும் எண்கள் நிலையாக இருப்பதில்லை. ஒளி சிறு சிறு துகள்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுவதால், சராசரியாக 10,000 துகள்கள் விழும் புள்ளியில் ஏறத்தாழ 100 கூடும் அல்லது குறையும். 100 மட்டுமே விழும் புள்ளியில் 10 கூடும் அல்லது குறையும். பகலில் ஒரு விழுக்காடாக இருந்த தடுமாற்றம் இருட்டில் பத்து விழுக்காடாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இருட்டில் கேமரா தன் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டும்போது இந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே பெருகுகிறது. இரவில் பொய் எச்சரிக்கை கூடுவதற்கு முதற்காரணம் இதுதான். கடைக்குள் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை எரியவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.

ஷாம்பு சரத்தின் கதை வேறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். முந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், கடந்த சில நிமிடங்களின் சராசரியோடு ஒப்பிடலாம் என்பது எவருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் சரம் ஆடும் இடத்திலுள்ள ஒரு புள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒரு கணம் அது பாக்கெட்டின் நீலம், மறுகணம் பின்னாலுள்ள பலகையின் பழுப்பு. இரண்டின் சராசரி, அந்த இடத்தில் ஒருபோதும் தோன்றாத ஒரு நிறம்! ஆகவே நீலம் வந்தாலும் பழுப்பு வந்தாலும் மென்பொருளுக்கு அது புதிதாகவே தெரியும்.

1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஸ்டாஃபர், எரிக் கிரிம்சன் இருவரும் இதற்கு அழகான வழியொன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே சராசரியை வைக்காமல், மூன்று முதல் ஐந்து வரையிலான தனித்தனி நினைவுகளை வைத்தார்கள். ஒவ்வொரு நினைவிலும் மூன்று செய்திகள் உண்டு: நிறம் என்ன, அது எவ்வளவு முன்பின் அலையும், எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது. புதிய நிறம் வந்ததும், இருக்கும் நினைவுகளில் எதனோடாவது அது பொருந்துகிறதா என்று பார்க்கப்படும். பொருந்தினால் அந்த நினைவின் எடை சற்றுக் கூடும், மற்றவற்றின் எடை சற்றுக் குறையும். எதனோடும் பொருந்தாவிட்டால், எடை மிகக் குறைந்த நினைவு நீக்கப்பட்டு, அந்த இடத்தில் புதிய நிறம் சிறிய எடையோடு குடியேறும். எடை மிகுந்த நினைவுகள் பின்னணி. எடை குறைந்தவை சந்தேகத்துக்குரியவை. தெருநாய் பழகிய முகங்களுக்குக் குரைக்காமல் புதுமுகத்துக்குக் குரைப்பதைப் போன்றது இது. சரத்தின் நீலமும் பலகையின் பழுப்பும் சிறிது நேரத்தில் இரண்டு பழகிய முகங்களாகிவிடும். உள்ளே நுழைபவரின் சட்டை நிறம் அவ்விரண்டிலும் சேராது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. மாலையில் தரையில் ஓர் அரிசி மூட்டையை இறக்கி வைத்தால், முதலில் அது அந்நியப் பொருள். அங்கேயே இருக்க இருக்க எடை கூடிப் பின்னணியாகிவிடும். ஆனால் அதற்கு முன் இருந்த வெறுந்தரையின் நினைவு உடனே அழிந்துபோவதில்லை. சற்று நேரத்தில் மூட்டையைத் தூக்கிவிட்டால், மென்பொருள் தரையை அடையாளம் கண்டுகொள்கிறது.

இந்த முறையை அவர்கள் மழையிலும் பனியிலும் 16 மாதங்கள், இரவு பகலாக ஏறக்குறைய இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூட மேசையில் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் பருவங்களின் மாற்றத்தை அது சந்தித்தே இருக்காது. நம் பல்கலைக்கழகங்களிலும், அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி அடைமழையையும் ஒருசேரப் பார்க்கும் அளவுக்கு நீண்ட சோதனைகளுக்குத் தயங்காமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லாரி வெளிச்சத்துக்குத் தீர்வு எளிது. ஒரே நொடியில் படத்தின் பெரும்பகுதி மாறினால் அது விளக்கின் வேலை என்று கொண்டு அந்தப் படத்தைத் தள்ளிவிடும் அமைப்பு பல மென்பொருள்களில் இருக்கிறது. ஷட்டர் இடுக்கு தெரியும் பகுதியை மட்டும் மறைத்து வைக்கவும் முடியும். 'ஃப்ரிகேட்' போன்ற புதிய மென்பொருள்கள், அசைந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதில் இருப்பது மனித உருவமா என்று, ஏராளமான படங்களைக் கொண்டு உருவங்களை அடையாளம் காணப் பழக்கப்பட்ட நிரலான நரம்பணு வலைப்பின்னலிடம் கேட்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'கேமராவில் சிக்கிய ஆவி' என்று வாட்ஸ்அப்பில் பரவும் காணொளிகள் பலவற்றில் மிதக்கும் ஒளி உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். இரவு கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. லென்ஸை ஒட்டிப் பறக்கும் பூச்சியோ தூசியோ அந்த ஒளியைத் திருப்பியனுப்புகிறது. அவ்வளவு அருகில் குவியம் சேராததால் அது பெரிய வெண்ணிற உருண்டையாகத் தெரிகிறது. இதைக் காட்டிக் குழந்தைகளை அச்சுறுத்துவது வேதனையளிக்கிறது.

இனி வாசகர் செய்ய வேண்டியவை. முதலில் கடவுச்சொல். 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட இணையக் கேமராக்களையும் அவற்றின் படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டிகளையும் ஏராளமாகக் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. எனவே மென்பொருளுக்கும் ரவுட்டருக்கும் புதிய கடவுச்சொல் வையுங்கள். அடுத்து, அசைவுக்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துச் சேமிக்கும் அமைப்பை இயக்குங்கள். நுழைபவரின் முகம் பெரும்பாலும் அந்த நொடிகளில்தான் இருக்கும். திருடர் லேப்டாப்பையே எடுத்துப் போகக்கூடும் என்பதால், படங்கள் உடனுக்குடன் கடைக்கு வெளியே வேறோர் இடத்துக்குச் சென்று சேரட்டும். மின்சாரம் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வையுங்கள்.