ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு ஓடவில்லை, அண்ணாச்சி

போன வாரம் மானூர்ப் பக்கம் ஒரு தோட்டம். 1,050 அடிக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு முடித்து, துளை போடும் ரிக் வண்டி கிளம்பிப் போன மூன்றாம் நாள், நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் என்னைக் கூப்பிட்டார்கள். போரைச் சுற்றி மாவு மாதிரி சாம்பல் நிறத் தூசி. பக்கத்து வேப்பமரத்து இலையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. "சார், இன்னும் இருநூறு அடி இறக்கினா வந்துரும்லா?" என்றார் தோட்டக்கார அண்ணாச்சி. மகள் நகை அடகில் இருக்கிறது. இந்த மாதத்தில் எனக்கு இது நான்காவது. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் போனால் தண்ணீர் என்ற கணக்கு கிணறு வெட்டிய காலத்துக்குச் சரி. நாற்பது அடியில் ஊற்று வற்றினால் இன்னும் பத்தடி வெட்டுவார்கள், கிடைக்கும். அது சிதைந்த பாறை, பொதபொதவென்று தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கணக்கை அப்படியே ஆயிரம் அடிக்கு நீட்டினால் எப்படி? சிதைந்த பாறை பெரும்பாலும் நூறடிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே கருங்கல்.

உடனே ஆயன்குளம் கிணற்றைக் காட்டுவார்கள். திசையன்விளைப் பக்கம் இருக்கும் அந்தக் கிணறு, 2021 மழையில் வாரக்கணக்கில் வெள்ளத்தை வாங்கியும் நிரம்பவில்லை. சென்னை ஐஐடி குழு வந்து பார்த்தது. அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் கரைத்துக் கரைத்து உள்ளே குகை. சரி, உங்கள் தோட்டத்துக்கு அடியில் என்ன? இந்தத் திருநெல்வேலி மாவட்டத்தின் பெரும்பகுதியில் சார்னோகைட், நைஸ் என்ற கருங்கல் வகைகள். அப்படிக் கரையாத கல். அதில் தண்ணீர் தங்க ஒரே இடம் வெடிப்புதான். போர்க்காரர்கள் 'கேப்' என்பார்களே, அது.

அந்த கேப்பை மேலிருக்கும் கல்லின் எடை அமுக்குகிறது. 100 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 27 கிலோ. ஆயிரம் அடியில் 80 கிலோ, அதாவது கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல நாற்பது மடங்குக்குக் கிட்ட. வெடிப்பில் தண்ணீர் நிறைந்திருந்தால் அது உள்ளிருந்து ஒரு 30 கிலோ முட்டுக்கொடுக்கும். மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அந்த முட்டும் குறையும். முதல் வாரம் நன்றாக ஊற்றிய போர் அப்புறம் மூச்சுவாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வெடிப்பும் மூடிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. மயிரிழை வெடிப்புகள் முதலில் ஒட்டும், பெரியவை குறுகும். ஆனால் குறுகினாலே போதும், கதை மாறிவிடும். வெடிப்பின் அகலம் பாதியானால் வரும் தண்ணீர் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். இதை ஒவ்வொரு தோட்டத்திலும் சொல்கிறேன். தலையை ஆட்டிவிட்டு ரிக்குக்குப் போன் போடுகிறார்கள்.

தண்ணீர் பார்க்கும் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு முளை அடித்து மின்சாரம் விடுகிறோமே, அது கல் வழியாகப் போவதில்லை, வெடிப்பிலுள்ள தண்ணீர் வழியாகத்தான் போகிறது. காய்ந்த கருங்கல்லில் மின்தடைத்திறன் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டர். தண்ணீர் நிறைந்த வெடிப்பு இருந்தால் சில நூறு, அதற்கும் கீழே. ஆனால் களிமண்ணும் குறைவாகக் காட்டும், உப்புத்தண்ணீர் அதைவிடக் குறைவாகக் காட்டும். கடலோரம் உவரிப் பக்கம் ஒருமுறை அருமையான குறைந்த எண் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு நானே ஏமாந்திருக்கிறேன். சம்மட்டி அடித்து ஒலியின் வேகம் பார்ப்பதிலும் இதே வம்பு. காற்று நிறைந்த வெடிப்பு வேகத்தைக் குறைக்கும், அதே வெடிப்பில் தண்ணீர் நிறைந்தால் வேகம் திரும்ப ஏறிவிடும். இறுகிய கல்லென்று நினைக்கத் தோன்றும். எண்ணூறு அடியில் ஒரு விரற்கடை வெடிப்பு இருக்கிறது என்று மேலே நின்றபடி அடித்துச் சொல்பவர், கையில் கருவி வைத்திருந்தாலும் சரி, தேங்காய் வைத்திருந்தாலும் சரி, நம்பாதீர்கள்.

போர் போடும்போது வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். டீ வாங்கப் போகாதீர்கள். பத்தடிக்கு ஒரு கை கல்தூள் எடுத்து வரிசையாகச் சாக்கில் வையுங்கள். துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை இருந்தால் அங்கே எப்போதோ தண்ணீர் நடந்திருக்கிறது. இருநூறு முந்நூறு அடிக்கு மேல் தொடர்ந்து சுத்தமான சாம்பல் தூசியே பறந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். ரிக் வண்டிக்காரர் நிறுத்தச் சொல்லமாட்டார், அவருக்கு அடிக்கணக்கில் கூலி. நெடுக்கு வெடிப்பு இரண்டடி தள்ளி இருந்தால்கூட நேராக இறங்கும் போர் அதைத் தொடாமலே போய்விடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பழைய கிணறு இருந்தால் தூர்வாரி, உள்ளே பக்கவாட்டில் சைடு போர் போட்டுப் பாருங்கள். குளத்துக்கு வரும் ஓடையை ஆக்கிரமித்துவிட்டு போருக்குத் தண்ணீர் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

மானூர் அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது அவர் பேத்தி அந்தப் போர் மேல் விரித்திருந்த சாக்கை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சாக்கின் மேல் ஒரு கல், அவ்வளவுதான் மூடி. மீதிப் பேச்சை விட்டுவிட்டு, இருவருமாக டவுனுக்குப் போய் இரும்பு மூடி வாங்கி வந்து, இருட்டுவதற்குள் வெல்டிங் வைத்தோம்.