ரேட்டிங்: தரவரிசையா, கேட்பளவா?

சேலம் லீ பஜாரில் "இன்னிக்கு என்ன ரேட்?" என்று கேட்கும் வியாபாரியும், எஃப்.எம். அலுவலகத்தில் "நம்ம ரேட்டிங் ஏறிருச்சா?" என்று கேட்கும் விளம்பரப் பிரிவுக்காரரும் ஒரே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான் புழங்குகிறார்கள். லத்தீனில் 'ரேரி' என்றால் எண்ணுதல், கணக்கிடுதல். அதன் வழியில் வந்த 'ராட்டா' கணக்கிட்ட பங்கைக் குறித்தது. ஆங்கிலத்தில் 'ரேட்' ஆகி விலைக்கும் மதிப்புக்கும் பெயரானது. கப்பல்களையும் மாலுமிகளையும் வகுப்பு பிரிப்பதற்கும் 'ரேட்டிங்' என்றார்கள். வானொலிக்கு அது வந்தது 1930இல். அமெரிக்காவில் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி, நேற்று என்ன கேட்டீர்கள் என்று தொலைபேசியில் வீடுகளை விசாரித்துக் கணக்கெடுக்கத் தொடங்கினார்.

வானொலி ரேட்டிங்கைத் தமிழில் எப்படி எழுதுவது? தமிழின் 'மதி'யும் இதே வழியில் நடந்த சொல். மதித்தல் என்றால் கருதுதல், அளவிடுதல். அதிலிருந்து மதிப்பு, மதிப்பீடு. ஓட்டலுக்கும் செல்பேசிச் செயலிக்கும் தரும் ரேட்டிங்குக்கு 'மதிப்பீடு' கச்சிதமாகப் பொருந்தும். வானொலிக்குப் பொருந்தாது. நிகழ்ச்சி நன்றாக இருந்ததா என்று அங்கே யாரும் மதிப்பிடவில்லை, எத்தனை பேர் காதில் விழுந்தது என்று எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரிகைகள் எழுதும் 'தரவரிசை' இன்னும் தவறு. அதில் தரமும் இல்லை; வரிசை என்பது எண்ணிய பிறகு நாம் அடுக்குவது. 'டிஆர்பி' என்பதோ தொலைக்காட்சிக்கு உரியது.

'நேயர் அளவு' என்கிறார்கள் சிலர். நேயர் என்ற சொல்லுக்குள் நேயம் இருக்கிறது. அன்போடு கேட்பவர்தான் நேயர். சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். அலமாரியில் ஒரு ரேடியோ, கீழே ஆறு பேர் குனிந்து கொலுசுக்குப் பற்றவைக்கிறார்கள். ஸ்டேஷனைத் திருப்புவது பட்டறைக்காரர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேருக்கும் அது காதில் விழுகிறது. கேட்டதை அவரவர் நாட்குறிப்பில் எழுதித்தரும் முறையில் எடுக்கும் கணக்கில், கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டாலே கேட்டவராக எழுதிக்கொள்வது பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் இங்கே நேயர் ஒருவர், கேட்டவர் ஆறு பேர். அதனால்தான் 'கேட்பளவு' என்று எழுதச் சொல்கிறேன்.

இதோடு ஒட்டி வரும் 'ஷேர்' என்பதைக் 'கேட்புப் பங்கு' எனலாம். இரண்டையும் குழப்பினால் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். நூறு பேரில் இருபது பேர் ரேடியோ கேட்கிறார்கள், அதில் ஐந்து பேர் நம் நிலையம் என்றால் கேட்பளவு 5, பங்கு 25 சதவீதம். அடுத்த முறை பன்னிரண்டு பேர்தான் கேட்கிறார்கள், நம்மிடம் நான்கு பேர் என்றால் கேட்பளவு 4. பங்கோ 33 சதவீதம்! ஒரு ஆள் குறைந்திருக்கிறார், பங்கு மட்டும் ஏறியிருக்கிறது.

இந்தியாவில் 2007இல் தொடங்கிய 'ராம்' என்ற வானொலிக் கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா நகரங்களில்தான் நடந்தது. சேலம் அதில் இல்லை. நம் ஊரில் நானூறு பேரிடம் விசாரித்து ஒரு நிலையத்துக்கு 20 சதவீதம் வந்தால், அது சிலரை மட்டும் கேட்டு எடுத்த கணக்கு என்பதால் உண்மை 16க்கும் 24க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போட்டி நிலையம் 22 வாங்கியதற்காக இங்கே நிகழ்ச்சி நடத்தும் யாரையும் மாற்ற வேண்டியதில்லை. மாரியம்மன் பண்டிகை நடக்கும் ஆடியில் எடுத்ததைப் போன வருட ஆடியோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும், பங்குனியோடு அல்ல.

அப்புறம், அலை எட்டும் இடம். எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நிற்கும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊர் தெரியும் வளைவில் தெளிவாக வரும் பாட்டு, மலை மறைக்கும் வளைவில் கரகரக்கும். மலைமேல் இருப்பவர் அந்த நிலையத்தைச் சொல்லவில்லை என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை என்று எழுதக் கூடாது. அவருக்கு அது கேட்கவே இல்லை.