கிரகணமும் இல்லை, அன்னாசியும் இல்லை

அந்தத் தாய் குழந்தையின் கைகளைத் துவாய்க்குள்ளேயே வைத்திருந்தார். மட்டக்களப்பு வெயில், கிளினிக் முழுக்கப் புழுக்கம். துவாயை மெல்ல விலக்கினேன். விரல்கள் தனித்தனியாக இல்லை, தோலோடு தோல் ஒட்டி ஒரு கரண்டிபோல இருந்தன. கால்விரல்களும் அப்படியே. நெற்றி உயர்ந்து, பின்தலை தட்டையாக இருந்தது. நான் வாய் திறக்கும் முன்னே, கூட வந்த மாமி சொன்னார்: "கிரகணத்துக்கு வெளிய போகாத எண்டு எத்தனை தரம் சொன்னன் டொக்டர், கேக்கல்ல." தாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

குழந்தைக்கு இருந்தது ஏபேர்ட் நோய்க்குறி. லட்சம் பிறப்புகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். காரணம் 1995இலேயே தெரிந்துவிட்டது.

எலும்பாக வேண்டிய உயிரணுக்களின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. நம் வாவிக்கரைத் துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காரணி என்னும் தோணி வந்து அதில் கட்டும், 'எலும்பாக மாறு' என்ற செய்தியை இறக்கும், அவிழ்த்துக்கொண்டு போய்விடும். இந்தப் புரதம் 821 அமினோ அமிலங்களாலான சங்கிலி. ஏபேர்ட் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு 252ஆம் இடத்தில் செரீனுக்குப் பதில் டிரிப்டோஃபான் இருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிழை அடுத்த இடத்தில், 253இல். ஒரேயொரு கண்ணிதான் மாறியது. ஆனால் அது கயிறு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் முடிச்சு இறுகிவிடுகிறது. தோணி சீக்கிரம் அவிழ்வதில்லை. வேறு துறைக்குப் போகவேண்டிய தோணிகளும் இங்கே வந்து கட்டத் தொடங்குகின்றன. செய்தி ஓயாமல் இறங்க, மூளை வளரத் திறந்திருக்கவேண்டிய மண்டையோட்டு இடைவெளிகள் முன்கூட்டியே மூடிக்கொள்கின்றன. புரதம் கெட்டால் வேலை செய்யாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது.

சரி, பிழை எங்கிருந்து வந்தது? 1996இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோருக்கு இந்த நோய் இல்லாத 57 குடும்பங்களைப் பார்த்தது. 57இலும் மாற்றம் தகப்பனின் விந்தணுவில் உண்டானது. தகப்பனின் வயது கூடக்கூட வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. விந்தணு உருவாகும்போது மரபணுவைப் படியெடுப்பதில் விழும் பிழை அது, அவர் செய்த எதனாலும் வந்ததல்ல. கிரகணம், அன்னாசி, பப்பாசி எதற்கும் இதில் பங்கில்லை.

மாமியை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். வாசலில் நின்ற தகப்பனையும் உள்ளே கூப்பிட்டேன். "அப்ப அடுத்த பிள்ளைக்கும் வருமா?" என்று அவர் கேட்டார். இருவருக்கும் இந்த நோய் இல்லாததால் மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்தக் குழந்தை வளர்ந்து பெற்றோரானால் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

இதில் தாமதம்தான் கெடுதி. மண்டையோட்டு அறுவைச்சிகிச்சை பெரும்பாலும் முதல் வயதுக்குள் தேவைப்படும். விரல்களைப் பிரிப்பது படிப்படியாக. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா, காது கேட்கிறதா, கண் நன்றாக மூடுகிறதா என்று இடையிடையே பார்க்கவேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இவர்களில் இருக்கிறார்கள். உங்கள் குழந்தையின் தலை வடிவம் வித்தியாசமாகத் தெரிந்தாலோ, விரல்கள் ஒட்டியிருந்தாலோ, வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

கடிதம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது துவாய் தாயின் தோளில் கிடந்தது. மாமி குழந்தையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்திருந்தார்.