கல் தட்டியதும் பாறை என்று எண்ணாதீர்கள்

கிரானைட் மேட்டு நிலத்தில் கட்டிய வீட்டின் சுவர் மூலைவாட்டில் வெடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "வானம் தோண்டும்போது ஆறடியிலேயே கல் தட்டிவிட்டது, அதன்மேல்தான் போட்டோம்." தட்டியது கல்தான். அடிப்பாறை இல்லை.

இதைப் புரியவைக்கத்தான் படாத பாடு படுகிறோம். கிரானைட் மேலிருந்து கீழாக ஒரே சீராக மக்குவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெடிப்புகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மழைநீர் அந்த வெடிப்புகளில்தான் இறங்குகிறது. கட்டத்தின் மூலையை மூன்று பக்கமும், விளிம்பை இரண்டு பக்கமும், முகத்தை ஒரு பக்கமும் அரிக்கிறது. மூலை முதலில் போய்விடும், கட்டம் உருண்டையாகும். உள்ளே இரும்பு போன்ற கல். சுற்றிலும், கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகி, குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் மணலாக மிஞ்சிய மக்கிய மண். உருண்டை லாரி அளவுகூட இருக்கும். அதற்குக் கீழே மறுபடியும் மக்கிய மண். மலைமேல் தெரியும் குண்டுக்கற்கள் பலவும் இப்படி மண்ணுக்குள் உருண்டையானவைதான். மண் கழுவிப் போனதால் வெளியே நிற்கின்றன. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் நிற்கும் பாறைக் குவியல்களுக்கு, நிலவடிவங்களை ஆராய்ந்த லின்டன் 1955-ல் சொன்ன விளக்கமும் இதுதான்.

ஒரு தூண் உருண்டைமேல், அடுத்த தூண் மக்கிய மண்மேல். மண் ஈரத்தில் அமுங்கும், உருண்டை அந்த அளவுக்கு அமுங்காது. சுவர் வெடிக்காமல் என்ன செய்யும்?

நான்கு மூலையிலாவது டிரில் போடுங்கள். கல் தட்டியதும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கெட்டிக் கல்லில் குறைந்தது 3 மீட்டர், பெரிய உருண்டைகள் தெரியும் இடத்தில் 5 மீட்டர் இறங்கட்டும். வெளியே வரும் உருளை வடிவக் கல் துண்டுகளை (கோர்) வீசிவிடாமல் பெட்டியில் ஆழ வரிசையில் அடுக்குங்கள். கல் முடியும் இடத்தில் பழுப்புக் கறை ஏறி, அடுத்த துண்டு நொறுங்கி வந்தால் அது உருண்டை. சந்தேகமா, ஃபெல்ஸ்பாரைக் கத்தியால் கீறுங்கள்: மக்காத கல்லில் கீறல் விழாது, மக்கியது மாவாக உதிரும்.

சரிவை வெட்டுகிறவர்களே, தயவுசெய்து உருண்டையின் அடியைப் பறிக்காதீர்கள். அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த மக்கிய மண்தான். வெட்டுக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலை மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மலைச்சரிவுக்கு இணையாகப் பலகை பலகையாக உரிந்த வெடிப்புகள் வெட்டுமுகத்தில் வெளிப்பக்கம் சாய்ந்து தெரிந்தால் வேலையை அன்றே நிறுத்துங்கள். நிலவியலாளர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை அதன் கீழே ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது.