பிரஷர் ஏறுவது ஏழாம் மாதம், பழுது தொடங்குவது மூன்றாம் மாதம்

கிளினிக்கில் ஏழுமாதக் கர்ப்பிணிக்கு பிரஷர் 150/100 காட்டினால் கூட வந்தவர்கள் கருவாட்டைத்தான் திட்டுவார்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி எங்கிருந்து வந்தாலும் இதே கதை: "உப்பைக் குறை எண்டு சொன்னனான் டொக்டர், கேட்டாத்தானே!"

கருவாடு பாவம். கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் பிரீஎக்லம்ப்சியா என்ற நோயின் வேர் பெரும்பாலும் நச்சுக்கொடியில் இருக்கிறது. கரு உருவாகி ஐந்தாறு நாளிலேயே அதன் வெளிச்சுற்றுக் கலங்கள் நச்சுக்கொடிக்கென்று பிரிந்துவிடும். அவற்றின் வழிவந்த சில கலங்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, தாயின் ஒடுங்கிய நாடிகளை வாய்க்கால் வெட்டி அகலிப்பதுபோல விரிக்கும். அந்த வேலை அரைகுறையானால் நச்சுக்கொடிக்கு வரும் தாயின் இரத்தம் குறையும். ஆனால் அதன் விளைவாகத் தாய்க்கு பிரஷர் ஏறுவது 20 வாரத்துக்குப் பிறகுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆரம்ப வாரங்களை யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பிரசவம் முடிந்து ட்ரேயில் கிடக்கும் நச்சுக்கொடி சிலருக்குச் சிறுத்து, வெளிறி இறுகிய திட்டுகளோடு இருக்கும். எப்படி அப்படியானது என்று அதைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. எலியில் வைத்துப் பார்க்கலாமென்றால், எலிக்கும் இந்த நோய் இயல்பாக வருவதில்லை.

அதனால்தான் ஆய்வுகூடத்தில் நச்சுக்கொடிக் கலங்களை உருவாக்கப் பார்க்கிறார்கள். 2002 இல் ஜேம்ஸ் தொம்சனின் அமெரிக்கக் குழு மனித ஸ்டெம் செல்களுக்கு (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்கள்) பிஎம்பி4 என்ற புரதத்தைக் கொடுத்து அந்தத் திசைக்குத் திருப்பியது. கிடைத்தவை பனிக்குடக் கலங்களோ என்று பின்னர் பெரிய வாக்குவாதம். 2018 இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் கருவிலிருந்தும் இளம் நச்சுக்கொடியிலிருந்தும் நச்சுக்கொடிக்கே உரிய ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தார்கள். ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைத்தது. அப்புறம், சாதாரண ஸ்டெம் செல்லைக் கருவின் இன்னும் முந்திய நிலைக்குத் திருப்பி, அங்கிருந்தும் அதே வகைக் கலங்களை எடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. நோய் வந்த தாயின் பிள்ளையுடைய தொப்புள்கொடிக் கலத்தை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து நச்சுக்கொடிக் கலத்தை வளர்ப்பது. பிள்ளையும் நச்சுக்கொடியும் ஒரே கருவிலிருந்து வந்தவை என்பதால், தவறிப்போன தொடக்கத்தை ஓரளவுக்குத் தட்டில் வைத்துப் பார்க்கலாம்.

இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை. நச்சுக்கொடி ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போது கையில் இருப்பது, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் குறைந்த அளவு அஸ்பிரின். அதையும் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணூறுக்குப் பயந்து மூன்று மாதம் ஒளித்து வைத்தால் அந்த நேரம் கை நழுவிவிடும். எட்டு வாரத்துக்குள் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். முந்திய பிள்ளை வயிற்றில் இருந்தபோது உங்களுக்கு பிரஷர் இருந்திருந்தால் அந்தப் பழைய அட்டையையும் கொண்டு வாருங்கள்.