பர்மாப் பத்திரம் வைத்திருக்கிறீர்களா? பெயர் மாறிய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வளவை, அதாவது செட்டியார் வீட்டை, சுத்தம் செய்தால் தகரப்பெட்டியில் பர்மாக் காகிதம் ஏதாவது அகப்படும். "பர்மான்னு ஒரு நாடே இப்ப இல்லையே, இது செல்லுமா?" என்று உடனே கேட்பார்கள். நாடு அதேதான். பெயர் மியான்மர் என்று மாறியது, அரசியல் சட்டமும் மாறியது. பெயர் மாறியதால் யார் சொத்தும் போகவில்லை. சட்டம் மாறியதால்தான் போனது.

எங்கள் வீட்டில் ஒரு கடித உறை இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்தியத் தபால்தலை. அதன் மேலேயே கறுப்பு மையில் ஆங்கிலத்தில் பர்மா என்று அடித்திருக்கிறது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அன்று பிரித்துத் தனிக் காலனி ஆக்கினார்கள். முதலில் இந்தியத் தபால்தலையிலேயே பெயர் அடித்து விற்றார்கள். ஆகவே இப்படிப்பட்ட உறை அந்த 1937 பிரிப்புக்கு முந்தியதாக இருக்க முடியாது.

1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20 மணிக்கு விடுதலை. ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம் அது. 'பர்மா ஒன்றியம்' என்று பெயர் சூட்டினார்கள், காமன்வெல்த்தில் சேரவில்லை.

நமக்கு முக்கியமானது 1947 செப்டம்பரிலேயே நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு. எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசே. நிலத்தைத் திரும்ப எடுத்துக் குத்தகை உழவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் அரசுக்கு உரிமை உண்டு என்றது அது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் அங்கே கடன் கொடுத்திருந்த நம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் அவர்களுடையது. 1948, 1953 ஆண்டுகளின் நில தேசியமயச் சட்டங்கள் அதைத்தான் எடுத்தன. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆனாலும் மண்ணை இழந்த பர்மிய உழவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நிலமே இல்லாமல், மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதப் போன அடுத்தாள்களை (உதவியாளர்களை) நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. பெட்டியடி (செட்டியாரின் கடன் கடை) மூடினால் அவர்கள் பிழைப்பும் முடிந்தது.

அப்புறம் 1962 மார்ச்சில் ராணுவ ஆட்சி. 1963இல் வங்கிகளும் அடுத்த ஆண்டு கடைகளும் அரசுடைமை ஆயின. 1974இல் புது அரசியல் சட்டம் வந்து 'பர்மா ஒன்றிய சோசலிசக் குடியரசு' என்றானது. 1988இல் சோசலிசம் பெயரிலிருந்து நீங்கியது. 1989 ஜூன் 18 அன்று மியான்மர். பர்மிய மொழியில் விடுதலை நாளிலிருந்தே அரசுப் பெயர் 'மியன்மா'தான். ஆங்கிலப் பெயரைத்தான் மாற்றினார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது, மோல்மீன் மாவ்லமைன் ஆனது. இன்றைய 'மியான்மர் ஒன்றியக் குடியரசு' 2008 அரசியல் சட்டத்தில் உள்ள பெயர். 2010 அக்டோபரில் புதுக் கொடியோடு புழக்கத்துக்கு வந்தது.

பழைய காகிதத்தில் உள்ள பெயரை அடித்துத் திருத்தாதீர்கள். காலத்தைக் காட்டுவதே அந்தப் பெயர்தான். படியெடுக்கும்போது உள்ளபடியே எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் குறித்தால் போதும். எங்கள் உறையில் இருப்பது ரங்கூன், மொகல் தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழில் நடத்தித் தங்கிய கட்டடங்கள், இருந்த தெரு அது. இன்றைய யாங்கோன் வரைபடத்தில் அதை ஷ்வே பொந்தா தெரு என்று தேட வேண்டும்.