எச்சிலில் குலம் தேடுகிறவர்களுக்கு

ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிப் பேசி முடித்தாயிற்று. மனைவி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சோமாலி இளைஞர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார். "இதையும் கொஞ்சம் பார்க்க முடியுமா?"

வீட்டுக்கே பெட்டி அனுப்புவார்களே, அதில் எச்சில் துப்பி அனுப்பி வாங்கிய டி.என்.ஏ. முடிவு. தந்தைவழிக் கிளை 'டி' என்று போட்டிருந்தது. டி என்றால் ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து. "எங்கள் குலத்தில் எல்லோரும் ஈ-வி32 என்ற கிளையாகத்தான் இருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் அடித்துச் சொல்கிறான். அப்படியானால் நான் யார்?"

டொராண்டோவில் மரபணு ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் சோமாலிகள் கேட்கும்போது அதன் எடை வேறு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குலத்தின் பெயரையும் வேண்டுமென்றே சொல்லவில்லை.)

"தாத்தாக்கள் பெயர் எத்தனை தெரியும்?" என்று கேட்டேன். விரலை மடக்க ஆரம்பித்தவர் மூச்சு விடாமல் 22 பெயர் சொன்னார். அவர் வளர்ந்தது முழுக்க இங்கே டொராண்டோவின் டிக்ஸன் சாலை அடுக்குமாடியில். சோமாலியாவைப் பார்த்ததே இல்லை. முன்னோரை இப்படி எண்ணிச் சொல்வதற்கு அப்திர்சீன்யோ என்று பெயர். 'அப்' முன்னோர், 'திர்சி' எண்ணுதல். சின்ன வயதிலேயே பாடமாக்கிவிடுவார்கள். நமக்கு இனிஷியலோடு ஒரு தலைமுறை தீர்ந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் கல்யாணப் பத்திரிகையைத் தேட வேண்டும்.

ஒய் குரோமோசோமும் இதே பாதையில்தான் போகிறது: அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு, ஏறக்குறைய அப்படியே. எப்போதாவது எங்கோ டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் அதற்குப் பிறகு வரும் எல்லா ஆண் வாரிசுக்கும் முத்திரை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரே முத்திரை உள்ளவர்களை ஒரு கிளையாக, ஹாப்லோகுரூப்பாக, வகைப்படுத்துகிறோம். பெயர்ப் பட்டியலும் தந்தைவழி, குரோமோசோமும் தந்தைவழி. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2005இல் கோபன்ஹேகன் தடய மரபியல் துறையினர் 201 சோமாலி ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 77.6 சதவீதம் பேர் ஈ பிரிவின் ஒரு கிளையில் இருந்தார்கள். அன்று அதற்கு ஈ3பி1 என்று பெயர். அதில் பெரும்பகுதியைத்தான் இன்று ஈ-வி32 என்கிறோம். 10.4 சதவீதம் பேர் அன்றைய கே2, அதாவது இன்றைய டி. பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் பழைய கட்டுரையையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். எப்படியும் பத்தில் ஒருவர் டி. டிர் குலத்தில், குறிப்பாக ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் டிரே டாவா பக்கத்தவரிடம், டி கிளை மிகுதி. இணையத்தில் இதைப் படித்துவிட்டுத்தான் "டி என்றால் டிர், மற்றவன் எல்லாம் ஈ" என்று சூத்திரம் போட்டுவிடுகிறார்கள்.

காலக்கணக்கைப் பார்த்தால் இந்தச் சூத்திரம் நிற்காது. சோமாலிகளிடையே அந்த ஈ கிளை வந்து சேர்ந்தது 4,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. தாரூத், இசாக் குலங்களின் மூல ஷேக்குகளோ, மரபுக் கதையின்படியே, கடந்த சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குள் வாழ்ந்தவர்கள். கிளை பழையது, குலம் புதியது. ஒரே கிளை பல குலங்களில் இருக்கும். ஒரு குலத்துக்குள் பல கிளை இருக்கும். அந்த ஷேக்குகள் அரேபியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்பது மரபு. வடக்குக் கடற்கரை ஊரான மேய்திலுள்ள ஷேக் இசாக்கின் கல்லறைக்கு இன்றும் மக்கள் போகிறார்கள். அப்படியானால் வாரிசுகளிடம் அரேபியாவில் அதிகம் காணப்படும் ஜே கிளை நிரம்பியிருக்க வேண்டாமா என்று சிலர் நக்கலாகக் கேட்பதுண்டு. பெரும்பாலோர் ஈ-வி32 என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரை மூதாதையாக ஏற்று ஒரு சமூகம் திரண்டதா என்பது வேறு கேள்வி. அதற்குக் குரோமோசோமிடம் பதில் கிடையாது.

சோமாலியில் தந்தைவழிச் சொந்தத்துக்கு 'தொல்' என்று ஒரு சொல் உண்டு. தைப்பதற்கும் அதே சொல்தான். ஒருவன் கொலை செய்துவிட்டால், வழக்கமான கணக்கில் 100 ஒட்டகம் ஈட்டுத்தொகை. அதைக் கொலைகாரன் தனியாகக் கட்டுவதில்லை, அவனுடைய தொல் பிரித்துக் கட்டும். வறட்சியிலோ சண்டையிலோ நொடித்துப்போன குடும்பம் பலமான குலத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்படி ஒட்டியவருக்கு ஷேகத் என்று பெயர். ஜூபா, ஷெபெலே ஆறுகளுக்கு நடுவே வாழும் ரஹன்வெயின் மக்களிடம் இது மிகச் சாதாரணம். சில தலைமுறை கழிந்ததும் பெயர்ப் பட்டியலே புதிய குலத்தோடு தைக்கப்பட்டுவிடும். ஒட்டகம் கட்டியவனை உறவில்லை என்று யார் சொல்வது?

அப்புறம் இன்னொரு எண்ணை அவரிடம் சொன்னேன். அந்த 22ஆம் பெயர் வாழ்ந்த தலைமுறையில் அவருக்குக் கணக்குப்படி 41,94,304 முன்னோர் இடங்கள். பல இடங்களில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்திருப்பார், அது வேறு. அத்தனையில் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் ஒய் பேசுகிறது.

சரி, 'மேட்ச்' வந்தால் உறவுதானே என்று கேட்பார்கள். அதே 2005 ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதைப் பற்றிய கணக்கு. ஒய் குரோமோசோமின் எட்டு குறியிடங்களை (ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்களை) மட்டும் பார்த்தால், எந்தத் தொடர்புமில்லாத இரண்டு சோமாலி ஆண்கள் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு சுமார் 24இல் ஒன்று. ஐரோப்பியரிடம் அது 385இல் ஒன்று, ஆசியரிடம் 2,500இல் ஒன்று. சோமாலிகளின் தந்தைவழி அவ்வளவு நெருங்கியது. ஆகவே மலிவான சோதனையில் "உங்கள் சொந்தம் கிடைத்துவிட்டார்" என்று வந்தால் உடனே கட்டித்தழுவ வேண்டாம். குற்ற வழக்கில் ஒய் மட்டும் ஒத்துப்போகிறது என்று சொல்லப்பட்டால் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: எத்தனை குறியிடம், எந்த மக்களின் தரவுத்தளம்?

அரசாங்கமே இதில் சறுக்கியிருக்கிறது. 2009இல் பிரிட்டனின் எல்லை முகமை, தஞ்சம் கேட்டு வருகிறவர் உண்மையில் சோமாலியா நாட்டவர்தானா என்று டி.என்.ஏ.வையும் முடி, நகத்தில் உள்ள ஐசோடோப்புகளையும் (வாழ்ந்த இடத்தின் தண்ணீரும் உணவும் விட்டுச்செல்லும் அணுவகைத் தடயங்கள்) வைத்துப் பார்க்க ஒரு முன்னோட்டத் திட்டம் போட்டது. டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸ் உட்படப் பல விஞ்ஞானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2011இல் திட்டம் கைவிடப்பட்டது. ஈ-வி32 உள்ளவர் எத்தியோப்பியாவின் ஒகாடேனிலும் இருப்பார், வடகிழக்குக் கென்யாவிலும் இருப்பார். மறுபக்கம், 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த சோமாலி பாண்டுகள் இந்தச் சோதனையில் 'வெளியூர்க்காரர்' ஆகிவிடுவார்கள். உள்நாட்டுப் போரில் யாருடைய துப்பாக்கி பக்கத்திலும் இல்லாமல் அடிபட்டவர்கள் அவர்கள்.

இளைஞரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "சித்தப்பா மகன் ஈ-வி32 என்கிறாரே, அவர் சோதனை எடுத்தாரா?"

"இல்லை, எங்கேயோ படித்தான்."

எனக்கு மூச்சு வந்தது. டி கிளை அந்த 22 பெயர்களுக்கு முன்பிருந்தே அவர்களுடையதாக இருக்கலாம். பதினான்காவது பெயரில் ஒரு ஷேகத் வந்து சேர்ந்திருக்கலாம். ஒருவருடைய எச்சிலை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் இருவருக்கும் தாத்தா ஒருவரே. அந்தப் பையனும் எடுத்து, அவனுக்கு ஈ என்று வந்தால், கேள்வி ஆயிரம் வருஷத்தைப் பற்றியதாக இருக்காது. இரண்டு வீட்டுக்குள், உயிரோடு இருக்கிற ஒரு பாட்டியின் மேலோ ஓர் அம்மாவின் மேலோ வந்து விழும். ஒரு காகிதத்தில் மூன்று கட்டம் போட்டு, தாத்தா, அப்பா, சித்தப்பா என்று எழுதிக் காட்டினேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவினரைத் தேடித் தரும் வசதியை அங்கேயே அணைக்கச் சொன்னேன். 2023இல் 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாகப் புகுந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். இந்த வசதி வழியாக வெளியே போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். குறிப்பிட்ட இனத்தவர் பட்டியல் என்று தனியாகப் பிரித்து விற்பனைக்கு வைத்தார்கள். குலத்தின் பெயரால் ஆட்கள் கொல்லப்பட்ட நாட்டின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அமைப்புப் பக்கத்தில் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கவே எங்கள் இருவருக்கும் ஐந்து நிமிடம் ஆனது.

நேற்று அவரிடமிருந்து மின்னஞ்சல். சித்தப்பா மகன் பெட்டி ஆர்டர் செய்துவிட்டானாம், வியாழக்கிழமை வருகிறதாம். புதன்கிழமை மாலை இருவருக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.